ஐஸ் கட்டியை அழுத்தினால் நசுங்குமா, நொறுங்குமா?

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கேள்வி, உள்ளே மூன்று இருக்கின்றன. காரைக்குடி மீன் சந்தையில் ஐஸ் பாரைக் கம்பியால் குத்தி ஒரே தட்டில் இரண்டாகப் பிளக்கிறார்கள். அதே ஐஸ்தான் இமயமலையில் பனியாறாக ஆண்டுக்கணக்கில் வழிந்து ஓடுகிறது. பள்ளியில் ஆசிரியர் இதற்குக் காரணமாக "அழுத்தினால் பனிக்கட்டி உருகும், அழுத்தம் போனால் மறுபடி உறையும்" என்று சொல்லிக் கொடுத்தார். இவை மூன்றும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்பது உங்கள் ஐயம். சுருக்கமாகச் சொன்னால், பனிக்கட்டி நசுங்கவும் செய்யும், நொறுங்கவும் செய்யும். எதைச் செய்யும் என்பதைப் பெரும்பாலும் எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பது தீர்மானிப்பதில்லை. எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதே தீர்மானிக்கிறது. ஆசிரியர் சொன்னது பொய் அல்ல, ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு நிகழ்ச்சிகளில் எதற்கும் அது முதன்மையான காரணம் அல்ல.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் பொருள் வலிமைச் சோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவன் நான். கான்கிரீட் கனசதுரம், செங்கல், செம்புறாங்கல், கருங்கல், தேக்குத் துண்டு என்று அழுத்து இயந்திரத்தில் வைத்து உடைத்தவை எண்ணிக்கையில் அடங்காது. பனிக்கட்டியை நான் சோதித்தது சில முறைகள் மட்டுமே. அதுவும் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக. ஆகவே பொருள்கள் உடையும் விதத்தைப் பற்றி நான் சொல்வதைக் கைப்பழக்கத்திலிருந்து வருவதாகக் கொள்ளுங்கள். பனிக்கட்டிக்கே உரிய எண்களைப் படித்துத் தெரிந்துகொண்டதாகக் கொள்ளுங்கள்.

முதலில் அந்த உருகும் கதையை முடித்துவிடலாம். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமனில் பெருகுகிறது, அதனால்தான் ஐஸ் மிதக்கிறது. உறைந்தால் பெருகும் பொருளை அழுத்தினால் அது சிறிய பருமனுள்ள நிலைக்கு, அதாவது நீருக்குத் திரும்பப் பார்க்கும் என்று ஜேம்ஸ் தாம்சன் 1849இல் கணக்கிட்டுச் சொன்னார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட அவருடைய தம்பி வில்லியம் தாம்சன் அடுத்த ஆண்டே அளந்து உறுதி செய்தார். இது முழு உண்மை. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு உருகுநிலை இறங்குவது ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, ஏறத்தாழ 0.0074 டிகிரி. ஒரே ஒரு டிகிரி இறக்க வேண்டுமென்றால் 13 மெகாபாஸ்கலுக்கு மேல், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 130 கிலோவுக்கு மேல் எடை வேண்டும். உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் இருக்கும் ஐஸை அழுத்தத்தால் மட்டுமே உருக்க வேண்டுமானால் 100 மெகாபாஸ்கலையும் தாண்டிப் போக வேண்டும். பக்கவாட்டில் எந்தப் பிடிப்பும் இல்லாத ஐஸ் துண்டோ அந்தக் குளிரில் 10 மெகாபாஸ்கலை ஒட்டிய இடத்திலேயே நொறுங்கிவிடும். உருகும் அழுத்தத்தைத் தொடும்வரை அது உயிரோடு இருப்பதில்லை.

கம்பியைத் தொங்கவிட்டு ஐஸ் பாரை அறுத்துக் காட்டும் செய்முறையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1872இல் பாட்டம்லி என்பவர் செய்து காட்டியது அது. அதில் அழுத்தத்தால் உருகுவது உண்டு, கம்பிக்கு மேலே மீண்டும் உறைவதும் உண்டு. ஆனால் நம் ஊர் மே மாத வெயிலில் செய்தால், செம்புக் கம்பி வெளிச் சூட்டை உள்ளே கடத்திக்கொண்டு வந்து உருக்குவதே பெரும்பங்கு. நைலான் நூலில் அதே எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தாமதமாகிறது என்று பார்த்தாலே வெப்பம் கடத்துவதற்கு அதில் எவ்வளவு பங்கு என்பது விளங்கும்.

இனி ஐஸின் உள்ளமைப்பு. நாம் அன்றாடம் பார்க்கும் பனிக்கட்டி அறுகோண அமைப்புள்ள படிகம். நீர் மூலக்கூறுகள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தட்டு தன் அண்டைத் தட்டின்மேல் வழுக்குவது எளிது, தட்டுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நகர்வது மிகக் கடினம், பத்து மடங்குகளில் சொல்லும் அளவுக்குக் கடினம். ஒரு கவுளி வெற்றிலையைக் கையில் எடுத்து நேர் மேலிருந்து அமுக்கிப் பாருங்கள், அசையாது. சற்றுச் சாய்த்துப் பிடித்து அமுக்கினால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கவுளியே சாயும். ஒற்றைப் பனிப்படிகமும் அப்படித்தான்: அடுக்குகள் அழுத்தும் திசைக்கு 45 டிகிரி சாய்ந்திருந்தால் சிறிய விசையிலேயே சரிந்து கொடுக்கும்; நேராகவோ குறுக்காகவோ இருந்தால் முரண்டு பிடிக்கும்.

ஆனால் ஐஸ் பார் ஒற்றைப் படிகம் அல்ல. கணக்கற்ற படிக மணிகள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிய கூட்டம் அது. ஒவ்வொரு மணியின் அடுக்கும் வேறொரு திசையைப் பார்த்திருக்கிறது. அழுத்தும்போது வசதியான திசையில் இருக்கும் மணி சரியப் பார்க்கிறது, பக்கத்து மணி விடமாட்டேன் என்கிறது. ஒரு மணி தன் வடிவத்தை அண்டை மணிகளுக்கு ஏற்ப எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள ஒன்றையொன்று சாராத ஐந்து வழிகளில் வழுக்க முடிய வேண்டும் என்பது உலோகவியலில் பழைய பாடம். செம்புக்கும் அலுமினியத்துக்கும் அந்த வசதி இருக்கிறது. பனிக்கட்டியின் எளிய வழுக்கலோ இரண்டு வழிகளை மட்டுமே தருகிறது. மீதியைக் கடினமான வழிகளில், மெதுவாக ஈடுகட்ட வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரம் கொடுக்காமல் அழுத்தினால் மணிகளின் எல்லையில் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பில் விழும் விசை, குவிந்து அங்கே கீறல் விழுகிறது. நீங்கள் கேட்ட முரண்பாட்டின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

நேரம் கொடுத்தால் என்ன ஆகும்? கமர்கட்டைக் கல்லில் அடித்தால் தூளாகிறது, அதையே சித்திரை மாதத்தில் கண்ணாடிப் புட்டியில் பத்து நாள் வைத்தால் ஒன்றோடொன்று அமுங்கிக் கட்டியாகிவிடுகிறது அல்லவா, அதுபோல என்று மாணவர்களுக்குச் சொல்வேன். ஆனால் அந்த உவமையில் ஒரு ஓட்டை உண்டு: கமர்கட் படிகம் அல்ல, உறைந்த பாகு. பனிக்கட்டி ஒழுங்கான படிகம். படிகம் ஏன் ஓட வேண்டும்? விடை வெப்பநிலையில் இருக்கிறது. நமக்குக் கையைக் கடிக்கும் குளிராக இருப்பது ஐஸைப் பொறுத்தவரை உலைக்களம். உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி என்பது தனிச்சுழியிலிருந்து, அதாவது இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலையிலிருந்து எண்ணினால் 263 கெல்வின். உருகுநிலை 273 கெல்வின். உருகுநிலையின் 96 விழுக்காட்டில் அது உட்கார்ந்திருக்கிறது. இரும்பை அதே விகிதத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஏறத்தாழ 1470 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்ச வேண்டும். அந்தச் சூட்டில் இருக்கும் இரும்பின்மேல் எடையை ஏற்றிவிட்டு அது அசையாமல் நிற்கும் என்று எந்தக் கொல்லரும் எதிர்பார்க்க மாட்டார். உருகுநிலையை ஒட்டிய எந்தப் படிகமும் நிலையான பளுவின் கீழ் மெல்ல மெல்ல உருமாறிக்கொண்டே போகும். பொறியியலில் இதை கிரீப் என்போம்.

இந்த மெல்லிய ஓட்டத்துக்கு விதி கண்டவர் ஜான் கிளென். கேம்பிரிட்ஜில் 1950களின் தொடக்கத்தில் ஐஸ் உருளைகளின்மேல் மாறாத எடையை ஏற்றி, நாட்கணக்கில் காத்திருந்து, அவை குறுகும் வேகத்தை அளந்தார். வேகம் தகைவுக்கு நேர்விகிதத்தில் இல்லை, ஏறத்தாழ அதன் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது என்று கண்டார். பளுவை இரட்டித்தால் ஓட்டம் எட்டு மடங்காகும். திருப்பிச் சொன்னால், ஆயிரம் மடங்கு வேகமாக நசுக்க வேண்டுமென்றால் பத்து மடங்கு தகைவு போதும். வெப்பநிலையின் செல்வாக்கும் கடுமையானது: உறைநிலையை ஒட்டிய ஐஸ், அதே பளுவில், உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் இருப்பதைவிட ஏழு மடங்கு அளவுக்கு விரைவாக உருமாறுகிறது. பனியாறுகளின் அடிப்பகுதியில் செயல்படும் சறுக்குத் தகைவு, அதாவது ஓர் அடுக்கை இன்னோர் அடுக்கின்மேல் நகர்த்தப் பார்க்கும் தகைவு, ஒரு மெகாபாஸ்கலில் பத்தில் ஒரு பங்கு அளவே. அந்தச் சிறிய தகைவில், உறைநிலையை ஒட்டிய ஐஸ் ஆண்டுக்குச் சில விழுக்காடு உருமாறும். நூறு மீட்டர் தடிமனுக்கு, பல நூறு ஆண்டுகளுக்கு அதைக் கூட்டிப் பாருங்கள். ஆறு ஓடுவது வியப்பாக இருக்காது. ஆல்ப்ஸ் மலையில் மேர் த கிளாஸ் பனியாற்றில் 1842இல் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற இயற்பியலாளர் குறிகள் நட்டு அளந்தபோது, கரையோரத்தைவிட நடு ஆறு விரைந்து போவதைக் கண்டார். கெட்டியான பாறையாகச் சறுக்கிக்கொண்டு மட்டும் போனால் அப்படி நடக்காது. அதே வேளையில், உள்ளோட்டம் மட்டுமே பனியாற்றின் நகர்வு என்று எண்ணிவிட வேண்டாம். அடியில் உருகுநீர் இருக்கும் பனியாறுகள் பாறைப் படுகையின்மேல் வழுக்கவும் செய்கின்றன. படுகையில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு மேடுகளைச் சுற்றி வரும்போது உங்கள் ஆசிரியர் சொன்ன உருகலும் மறு உறைவும் உண்மையாகவே வேலை செய்கின்றன. அந்த அளவில் அவர் பக்கம் நியாயம் உண்டு.

இப்போது வேகத்தின் எல்லைக்கு வருவோம். ஐஸைச் சோதனைக்கூடத்தில் வெவ்வேறு வேகத்தில் அழுத்திப் பார்த்தவர்கள் எல்லோரும் கண்ட ஒரு செய்தி இது: உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில், மில்லிமீட்டர் கணக்கில் மணிகள் உள்ள நன்னீர்ப் பனிக்கட்டி, நொடிக்குத் தன் உயரத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்குவரை குறுகும் வேகத்தில் குணம் மாறுகிறது. கைக்கு அடங்கும்படி சொல்கிறேன். 10 சென்டிமீட்டர் உயரத் துண்டை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அமுக்கினால், ஒரு மெகாபாஸ்கலுக்கும் குறைந்த தகைவில் அது பணிந்து கொடுக்கும். பீப்பாய் போல நடுவில் பருத்துக்கொண்டு சத்தமில்லாமல் குட்டையாகும். நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் என்றால் எதிர்ப்பு பல மடங்கு ஏறியிருக்கும், உள்ளே டப் டப் என்று சிறு கீறல்கள் விழும் ஓசை கேட்கும், கண்ணாடி போல இருந்த துண்டு பால் கலந்தது போல வெளுக்கும். ஆனாலும் துண்டாகப் பிரியாது. நிமிடத்துக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் என்று போனால் அந்த வெளுப்பு முழுக்கப் பரவுவதற்குள்ளேயே திடீரென்று வெடித்துச் சிதறும். இதில் பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. ஐஸ் மிக வலுவாக இருப்பது மிக வேகமாக அழுத்தும்போது அல்ல, இந்த எல்லைக்கோட்டின் அருகில்தான். எல்லையைத் தாண்டி இன்னும் வேகமாகப் போனால் வலிமை கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்கிறது.

ஏன் அந்த இடத்தில் எல்லை விழுகிறது என்பதற்கு இன்று பொதுவாக ஏற்கப்படும் விளக்கம் ஒரு போட்டியைப் பற்றியது. விரிசலின் முனையில் தகைவு குவிகிறது. அங்கே இருக்கும் படிகம் மெல்ல ஓடி அந்தக் குவிப்பைக் கரைத்துவிட்டால் விரிசல் மழுங்கி நின்றுவிடும். கரைப்பதற்கு முன்னால் பளு ஏறிவிட்டால் விரிசல் பாயும். மணி பெரிதாக இருந்தால் அதில் பிறக்கும் விரிசலும் பெரிது, பாய்வதும் எளிது. ஆகவே பெருமணி ஐஸ் சற்று மெதுவான அழுத்தத்திலேயே நொறுங்கத் தொடங்கும். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் எர்லண்ட் ஷுல்சனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் பல ஆண்டுகள் செய்த சோதனைகள் இந்த விளக்கத்துக்கு வலு சேர்த்தவை.

"அழுத்தினால் எப்படி விரிசல் திறக்கும், அழுத்தம் விரிசலை மூடத்தானே வேண்டும்" என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்பார். நல்ல கேள்வி. ஒரு துண்டுக்குள் சாய்வாக ஒரு கீறல் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். மேலிருந்து அழுத்தும்போது கீறலின் இரண்டு முகங்களும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கின்றன. அப்படி வழுக்கும்போது கீறலின் இரு நுனிகளிலும் ஒரு பக்கம் இழுபடுகிறது. அந்த இழுவிசையில் புதிய விரிசல்கள் இரண்டு பிறந்து, பறவை சிறகை விரித்தது போல வளைந்து, மேல் ஒன்றும் கீழ் ஒன்றுமாக அழுத்தும் திசையிலேயே ஓடுகின்றன. பல கீறல்களின் சிறகுகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் துண்டு செங்குத்தாகப் பிளந்து மெல்லிய தூண்களாக நிற்கும்; அந்தத் தூண்கள் வளைந்து முறியும். தெளிவான ஐஸில் இந்தச் சிறகு விரிசல்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். கருங்கல்லிலும் கான்கிரீட்டிலும் நடப்பது இதுதான், ஆனால் அங்கே உள்ளே பார்க்க முடியாது. பாறை எப்படி உடைகிறது என்பதை அறிய ஐஸை மாதிரிப் பொருளாக எடுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வலிமையைப் பொறுத்தவரை ஒரு ஒப்பீடு சொல்கிறேன். வீட்டுத் தளத்துக்கு ஊற்றும் எம்20 கான்கிரீட் கனசதுரம் 20 மெகாபாஸ்கல் தாங்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே பத்து, இருபது டிகிரிகளில் நன்னீர் ஐஸின் அமுக்க வலிமை சோதனைக்குச் சோதனை மாறி 5 முதல் 25 மெகாபாஸ்கல் வரை பதிவாகியிருக்கிறது. குளிர் கூடினால் வலிமையும் கூடும். இழுவலிமையோ ஒன்றிலிருந்து மூன்று மெகாபாஸ்கல்தான், சில வேளை அதற்கும் குறைவு. விரிசலைத் தடுத்து நிறுத்தும் திறனில் ஐஸ் இன்னும் ஏழை: சன்னல் கண்ணாடியின் திறனில் ஏழில் ஒரு பங்கு அளவு. ஒரு மெகாபாஸ்கல் இழுவிசையில், ஆறு மில்லிமீட்டர் நீள விரிசல் ஒன்று உள்ளே இருந்தாலே அது பாய்ந்துவிடும் என்று கணக்கு வருகிறது.

மீன் சந்தைக்காரர் கையில் இருக்கும் சூட்சுமம் இந்த ஏழ்மைதான். அடுத்த முறை போகும்போது நின்று பாருங்கள். சாக்கை விலக்கி, பாரின்மேல் ஒட்டியிருக்கும் உமியை கையால் துடைத்துவிட்டு, கூர்க்கம்பியால் ஒரே கோட்டில் நாலைந்து இடம் குத்துவார். குத்திய ஒவ்வோர் இடத்திலும் அரிசி மாவு வைத்தது போல ஒரு வெண்புள்ளி தெரியும். பிறகு கடைசிக் குத்து சற்றுப் பலமாக. பார் கோட்டோடு கோடாகப் பிளந்து விழும். அந்த வெண்புள்ளிதான் அமுக்கத்தில் நொறுங்கிய ஐஸ்: கம்பி முனையின் அடியில், சுற்றிலும் இருக்கும் ஐஸ் நெருக்கிப் பிடித்திருப்பதால் எங்கும் ஓட வழியில்லாமல் தூளாகி இறுகிய மாவு. பிளவு அந்த மாவினால் வருவதல்ல. கம்பி ஆப்பு போல இரு பக்கமும் தள்ளுவதால் முனைக்குக் கீழே பிறக்கும் இழுவிசையால் வருவது. வரிசையாகக் குத்துவது விரிசலுக்கு வழிகாட்டி வைப்பது. ஐஸை அமுக்கி உடைப்பதைவிட இழுத்து உடைப்பது எவ்வளவோ மலிவு என்பதை அவர் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. கனடாவில் 1997இல் திறக்கப்பட்ட கான்ஃபெடரேஷன் பாலத்தின் தூண்களுக்கு நீர்மட்டத்தில் கூம்பு வடிவக் கவசம் வைத்ததும் இதே சிக்கனத்துக்காகத்தான். மிதந்து வரும் பனித்தகடு நேர்த் தூணில் மோதினால் அமுக்கத்தில் நொறுங்கும், தூண் அந்த முழு விசையையும் தாங்க வேண்டும். கூம்பில் ஏறினால் வளைந்து, அடியில் இழுபட்டு, குறைந்த விசையிலேயே முறிந்துவிடும். அங்கே இருப்பது உப்புநீர் ஐஸ் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நன்னீர் ஐஸை அப்படியே அதற்கு அளவுகோலாக வைக்கக் கூடாது; உப்பு ஐஸின் உள்ளே உறையாத உப்புநீர்ப் பைகள் இருப்பதால் அது பொதுவாகச் சற்று மென்மையானது.

பக்கவாட்டு நெருக்கத்தைப் பற்றி இன்னொரு செய்தி. ஐஸ் துண்டைச் சுற்றிலும் சிறிதளவு அழுத்திப் பிடித்துக்கொண்டு மேலிருந்து அமுக்கினால் சிறகு விரிசல்கள் திறக்க முடியாமல் அடங்குகின்றன. வலிமை சில மடங்கு ஏறும், உடைவும் செங்குத்துப் பிளவாக இல்லாமல் சாய்தள வெட்டாக மாறும். நெருக்கத்தை இன்னும் கூட்டினால் கீறல் முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதே நின்று, விரைவாக அழுத்தும்போதும் ஐஸ் பிளவின்றி ஓடத் தொடங்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு அழுத்தினால் வடிவம் மாறவே மாறாது. உருமாற்றுவது அழுத்தம் அல்ல, திசைக்குத் திசை அழுத்தத்தில் இருக்கும் வேறுபாடு. பனியாற்றின் மேற்பரப்பில் ஆளை விழுங்கும் பிளவுகள் இருந்தும் அவை பெரும்பாலும் சில பத்து மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடுவதற்கும், அதற்குக் கீழே மேலிருக்கும் சுமை அவற்றை நெருக்கி மூடிவிடுவதே காரணம்.

ஐஸ் பாருக்கும் ஏரி ஐஸுக்கும் உள்ள வேறுபாட்டையும் கேட்டிருக்கிறீர்கள். ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது. ஆகவே மணிகள் பென்சில்களை நட்டுவைத்தது போலச் செங்குத்துக் கம்பங்களாக வளர்கின்றன. கம்பங்களின் நீளவாக்கில் அமுக்கினால் வலிமை கூடுதல், குறுக்கே அமுக்கினால் குறைவு. தேக்குத் தூணை நட்டுவைத்துப் பளு ஏற்றுவதற்கும் படுக்கவைத்து ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாடு நம் வளவுகளைக் கட்டிய தச்சர்களுக்குத் தெரிந்ததுதான். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸில் 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து அடுக்கியது அத்தகைய ஏரி ஐஸ். நம் ஊர் ஐஸ் தொழிற்சாலையில் தகரக் கேன்களில் தண்ணீரை நிரப்பிக் குளிர்ந்த உப்புநீர்த் தொட்டியில் இறக்குகிறார்கள். குளிர் நான்கு பக்கச் சுவரிலிருந்தும் உள்நோக்கி வருவதால் கம்பங்கள் படுக்கையாக நடுவை நோக்கி வளர்கின்றன. தண்ணீரில் கரைந்திருந்த காற்றையும் உப்பையும் ஐஸ் தன் படிகத்துக்குள் சேர்ப்பதில்லை, நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. பாரின் நடுவே பால் நிறத்தில் ஓடும் தண்டு அதுதான். சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் கரைந்த காற்று இருக்கும், தண்டும் இருக்கும். நான்கு பக்கத்துக் கம்பங்களும் சந்திக்கும் மூலைவிட்டக் கோடுகளும் இந்தத் தண்டும் பாரின் பலவீனமான இடங்களாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அச்சில் வார்த்த உலோகக் கட்டிகளில் அப்படி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஐஸ் பாரில் அளந்து பார்த்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உறுதியாகச் சொல்லக் கூடாத இடங்களையும் குறித்துவிடுகிறேன். கிளென் சொன்ன மும்மடி என்பது சட்டம் அல்ல, சோதனைக்குப் பொருந்திய எண். அண்டார்டிகாவின் பனித்தட்டுகளைச் செயற்கைக்கோள் வழியே அளந்த அண்மைய ஆய்வு நான்மடிக்கு நெருக்கமாக வருகிறது என்கிறது. மிகச் சிறிய தகைவில் அது மூன்றுக்கும் குறைவாகிறது என்பவர்களும் உண்டு. சோதனைக்கூடத்தில் கைப்பிடி அளவுத் துண்டில் கிடைக்கும் வலிமை, ஏரியளவு பனித்தகட்டுக்குப் பொருந்தாது. பெரிய பரப்பில் சராசரி வலிமை குறைந்துகொண்டே போகிறது என்பது தெரியும், எந்த விதிப்படி என்பதில்தான் வழக்கு. விரைந்து நொறுங்கும்போது தொடும் முகத்தில் தூளாகிய ஐஸில் அழுத்தத்தால் உருகுவதற்கு எவ்வளவு பங்கு, உராய்வுச் சூட்டால் உருகுவதற்கு எவ்வளவு, மறுபடிகமாவதற்கு எவ்வளவு என்பதிலும் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

நீங்கள் போகிற போக்கில் கேட்ட நன்னாரி சர்பத் கேள்விக்கும் இதில் விடை உண்டு. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த ஐஸை சர்பத்தில் போட்டவுடன் வெடுக்கென்று கீறுவது அழுத்தத்தால் அல்ல. வெளித்தோல் சட்டென்று பத்துப் பதினைந்து டிகிரி சூடேறிப் பெருகப் பார்க்கிறது, குளிர்ந்த உள்பகுதி அதோடு சேர்ந்து இழுபடுகிறது. ஐஸின் விரிவுக் குணகத்தையும் (ஒரு டிகிரிக்கு எவ்வளவு பெருகும் என்பது) யங் குணகத்தையும் (எவ்வளவு விறைப்பானது என்பது) பெருக்கிப் பார்த்தால் பத்து டிகிரி வேறுபாட்டுக்கே நான்கைந்து மெகாபாஸ்கல் வரை வரலாம்; இழுவலிமைக்கு அது மிஞ்சியது. தண்ணீரில் ஊறி உறைநிலைக்கு வந்துவிட்ட ஐஸைப் போட்டால் அந்தச் சத்தம் வராது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருக்கிறீர்கள். என் முதல் முயற்சியைச் சொல்கிறேன்: ஐஸ் துண்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அறைச் சூட்டில் இருந்த இயந்திரத்தின் இரும்புத் தட்டுகளுக்கு நடுவே வைத்தேன். தட்டுகள் பளுவைக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு முனைகளையும் உருக்கிவிட்டன. துண்டு வழுக்கித் தரையில் போய் உடைந்தது. மாணவர்களுக்கு நல்ல சிரிப்பு. பிறகு தட்டுகளையும் முந்தின நாளே குளிரப் போட்டுத்தான் காரியம் நடந்தது. உங்களிடம் சிறிய பட்டறை வைஸ் (மரையைச் சுற்றிப் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இருந்தால் அதை ஒரு இரவு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். மூன்று சென்டிமீட்டர் ஐஸ் துண்டை அதில் பிடித்து, கைப்பிடியைச் சாதாரணமாகச் சுற்றினால், கால் சுற்றுக்குள் நொறுங்கிவிடும். கண்ணுக்குப் படாமல் மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு துண்டை உறைபெட்டிக்கு உள்ளேயே வைத்து மெதுவாக நசுக்குங்கள். வைஸின் மரை ஒரு சுற்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் நகரும் என்றால், நான் சொன்ன எல்லைக்கோட்டில் நிற்க ஒரு முழுச் சுற்றுக்கு அரை மணி நேரம் ஆக வேண்டும். வீட்டு உறைபெட்டி 18 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருப்பதால் அதைவிடவும் மெதுவாக, ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவைத் திறந்து, நூலளவு திருப்பி, மூடி, சில நிமிடம் கழித்து மறுபடி. துண்டு முதலில் வெளுக்கும், பிறகு நடுவில் பருக்கத் தொடங்கும். அந்தப் பருத்தலைக் கண்ணால் பார்த்துவிட்டால் பனியாறு உங்களுக்குப் புதிராக இருக்காது. வீட்டில் மின்சாரம் போகாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.